வாங்குபவர் ஒருவர், வதைபடுபவர் இன்னொருவர்

தவறுதலாகப் பறந்த 90 கோடி டாலரிலிருந்து தட்கல் டிக்கெட் வரை: பெரிய நிறுவனங்களின் கம்ப்யூட்டர் திரைகள் யாருக்காக உருவாகின்றன?

2020 ஆகஸ்ட் 11. அமெரிக்காவின் சிட்டி வங்கிக்கு அன்று ஒரு வழக்கமான வேலை இருந்தது. அழகுசாதனப் பொருள்கள் தயாரிக்கும் ரெவ்லான் நிறுவனம் 2016-ல் பெரிய கடன் ஒன்றை வாங்கியிருந்தது. கடன் கொடுத்தவர்கள் பலர். அவர்களுக்கும் ரெவ்லானுக்கும் இடையே கணக்கைக் கவனித்துப் பணத்தைப் பிரித்து அனுப்பும் பொறுப்பு சிட்டியுடையது. அன்று அனுப்ப வேண்டியிருந்தது வட்டி மட்டுமே, சுமார் 78 லட்சம் டாலர். அனுப்பப்பட்டதோ கிட்டத்தட்ட 90 கோடி டாலர். இன்னும் மூன்று ஆண்டு கழித்துத் தீர வேண்டிய கடனின் அசல் முழுவதும், சிட்டியின் சொந்தக் கஜானாவிலிருந்து, ஒரே நாளில் போய்விட்டது.

திருடர்கள் யாரும் புகவில்லை. யாரும் மோசடி செய்யவில்லை. விதிப்படி மூன்று பேர் பார்த்துத்தான் பணம் போனது. இந்தியாவில் இருந்த ஓர் ஒப்பந்த ஊழியர் விவரங்களைப் பதிவு செய்தார். இன்னொருவர் அதைச் சரிபார்த்தார். அமெரிக்காவிலிருந்த அதிகாரி, எல்லாம் சரி, தொடரலாம், அசல் உள்கணக்குக்குத்தான் போகிறது என்று மின்னஞ்சலில் ஒப்புதல் தந்தார். ஆறு கண்கள் பார்த்தும் எப்படித் தவறியது?

விடை அவர்கள் பார்த்த திரையில் இருக்கிறது. சிட்டி பயன்படுத்திய சாஃப்ட்வேரின் பெயர் ஃப்ளெக்ஸ்கியூப். அன்றைய பரிவர்த்தனையின் சிக்கலால், வட்டியைக் கணக்கிட்டு அனுப்புவதற்கு, கடன் முழுவதும் அடைபட்டுவிட்டதாக அந்த சாஃப்ட்வேரை நம்பவைக்க வேண்டியிருந்தது. அசல் தொகை வெளியே போய்விடாமல் வங்கியின் உள்கணக்கு ஒன்றுக்குத் திருப்பிவிடுவது உபாயம். அதற்குத் திரையில் கட்டங்கள் இருந்தன. ஒன்றின் பெயர் பிரின்சிபல், அதாவது அசல். மற்ற இரண்டின் பெயர் ஃப்ரன்ட், ஃபண்ட். அசலை நிறுத்த வேண்டுமென்றால் 'அசல்' என்று எழுதிய கட்டத்தில் குறித்தால் போதும் என்று யாருக்கும் தோன்றும். மூவருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மூன்று கட்டத்திலும் குறித்தால்தான் பணம் நிற்கும். இது கையேட்டில் இருந்தது, திரையில் இல்லை.

திரை எச்சரிக்கவே இல்லையா? எச்சரித்தது. பணம் வங்கியைவிட்டு வெளியே போகப்போகிறது, தொடரவா என்று கேட்டது. எவ்வளவு பணம் என்று சொல்லவில்லை. வட்டி எப்படியும் வெளியே போகத்தானே வேண்டும்? அந்தக் கேள்வியைப் பார்த்து யார் திடுக்கிடுவார்கள்?

மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. சிலர் திருப்பித் தந்தார்கள். ரெவ்லான் மீது ஏற்கனவே கோபத்திலிருந்த சில முதலீட்டு நிறுவனங்கள், வர வேண்டிய பணம்தானே வந்திருக்கிறது என்று சுமார் 50 கோடி டாலரைத் தர மறுத்துவிட்டன. வழக்கு நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனது. 2021 பிப்ரவரியில் நீதிபதி ஜெஸ்ஸி ஃபர்மன், பணத்தை அவர்களே வைத்துக்கொள்ளலாம் என்றார். உலகின் மிகத் தேர்ந்த வங்கிகளில் ஒன்று, இதற்குமுன் நடந்திராத இப்படி ஒரு தவறைச் செய்திருக்கும் என்று பணம் பெற்றவர்கள் நினைத்திருந்தால் அதுதான் விசித்திரம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தபிறகே சிட்டிக்கு மூச்சு வந்தது. இதற்கிடையில் ரெவ்லான் திவாலாகியிருந்தது.

இந்தக் கதையில் இந்தியாவுக்கு இன்னொரு பங்கும் உண்டு. ஃப்ளெக்ஸ்கியூப் பிறந்தது இங்கேதான். சிட்டி குழுமமே தொடங்கிய சாஃப்ட்வேர் நிறுவனம் ஐ-ஃப்ளெக்ஸ் என்று வளர்ந்து, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஃப்ளெக்ஸ்கியூபை உலக வங்கிகளுக்கு விற்றது. இந்திய சாஃப்ட்வேர் துறை பெருமையோடு சொல்லிக்கொண்ட வெற்றி அது. 2005-ல் சிட்டி தன் பங்கை ஆரக்கிளுக்கு விற்றது. தான் பெற்றெடுத்த பிள்ளையின் திரைமுன் உட்கார்ந்துதான் சிட்டி தடுமாறியது.

பாடம் கற்றார்களா? 2024 ஏப்ரலில் அதே வங்கியில் ஒரு வாடிக்கையாளர் கணக்கில் 280 டாலர் வரவு வைக்க வேண்டியிருந்தது. வைக்கப்பட்டது 81 லட்சம் கோடி டாலர். ஒருவர் பதிவு செய்து, இன்னொருவர் சரிபார்த்து, மூன்றாமவர் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்தார். பணம் வங்கியைவிட்டுப் போகவில்லை. 2025-ல் இது பத்திரிகைகளில் வந்தபோது காரணமும் வந்தது. அவசரத்துக்குப் பயன்படுத்திய மாற்றுத் திரையில், தொகைக்கான கட்டத்தில் ஏற்கனவே 15 பூஜ்யங்கள் நிரப்பப்பட்டிருந்தன. ஊழியர் முதலில் அவற்றை அழித்துவிட்டுத் தொகையை எழுத வேண்டும். பூஜ்யங்களை முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டும் என்று யோசித்த மகானுபாவர் யார் என்று தெரியவில்லை. ஒருநாளாவது அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார் என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

விமானியின் தவறா?

இம்மாதிரி விபத்துகளுக்கு நிர்வாகங்கள் வைத்திருக்கும் பெயர் மனிதத் தவறு. அந்தப் பெயரை முதலில் சந்தேகித்தவர்கள் கம்ப்யூட்டர்காரர்கள் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு விழுந்தன. இறக்கை மடிப்பை உள்ளிழுக்க வேண்டிய விமானிகள் சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டார்கள். விமானியின் தவறு என்று கோப்புகளில் எழுதப்பட்டது. அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானிகளைக் குடையாமல் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. சக்கர விசையின் நுனியில் சக்கர வடிவமும், இறக்கை விசையின் நுனியில் ஆப்பு வடிவமும் பொருத்தச் சொன்னார். கை தடவினாலே எது எதுவென்று தெரிந்தது. அந்த வகைத் தவறு மறைந்தது.

போருக்குப் பிறகு இந்த அறிவு பெரிய நிறுவனங்களுக்குள் நுழைந்தது. தொலைபேசி ஆராய்ச்சிக்குப் பேர்போன பெல் ஆய்வுக்கூடம் ஜான் கார்லின் என்ற உளவியலாளரை வேலைக்கு வைத்தது. 1963-ல் அறிமுகமான பொத்தான் தொலைபேசியில் எண்களை எந்த வரிசையில் வைப்பது என்பதை, சாதாரண மக்களைப் பல வரிசைகளில் அழுத்தவிட்டுப் பார்த்து அவருடைய குழு முடிவு செய்தது. மூன்று மூன்றாக மூன்று வரிசை, கீழே பூஜ்யம். இன்று உங்கள் செல்ஃபோனில் நம்பர் போடும்போது தெரிவது அதுவேதான்.

1993-ல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த டொனால்ட் நார்மன் தன் பதவியின் பெயரில் 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற சொற்களைச் சேர்த்துக்கொண்டார். திரை மட்டுமல்ல, பெட்டியைப் பிரிப்பதிலிருந்து பழுது பார்ப்பது வரை ஒருவர் படுவதெல்லாம் சேர்ந்ததுதான் வடிவமைப்பு என்பது அவர் கருத்து. தமிழில் இதைப் பயனர் அனுபவம் என்கிறோம். அகராதிப்படி சரியான மொழிபெயர்ப்புதான். ஆனால் தமிழில் 'அனுபவி' என்று ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அது பெரும்பாலும் வாழ்த்து அல்ல. பல நிறுவனங்களின் திரைகளைப் பார்க்கையில் ஆங்கிலத்தைவிடத் தமிழ்ச் சொல்லே உண்மைக்குப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது.

கையெழுத்துப் போடுபவர் யார்?

சின்ன நிறுவனம் ஒன்றில் சாஃப்ட்வேர் வாங்குபவரும் அதில் வேலை செய்பவரும் பெரும்பாலும் ஒருவரே. பிடிக்காவிட்டால் மறுநாள் தூக்கி எறிந்துவிடுவார். பெரிய நிறுவனத்தில் நிலைமை வேறு. தேவைகளின் பட்டியலை ஒரு குழு தயாரிக்கும். டெண்டர் விடப்படும். இந்த வசதி இருக்கிறதா, அந்த அறிக்கை வருமா என்று நூற்றுக்கணக்கான கேள்விகள், எதிரே ஆம் அல்லது இல்லை. மூன்று கட்டங்களில் எதைக் குறித்தால் பணம் நிற்கும் என்று புதிதாக வந்த ஊழியருக்குப் புரியுமா என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆம் என்ற சொல் அதிகம் விழுந்தவருக்கும் விலை குறைவாகச் சொன்னவருக்கும் ஆர்டர் போகும். தவறுகளால் வரும் நஷ்டமும் பயிற்சிச் செலவும் வேறொரு துறையின் கணக்கில் எழுதப்படும். ஆகவே மோசமான திரைக்கு யாரும் விலை கொடுத்ததாகவே தெரியாது. கடைக்கு வந்த வாடிக்கையாளருக்குப் பிடிக்கவில்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் போவார். ஊழியர் எங்கே போவார்?

இன்னொரு காரணம் இன்னும் ஆழமானது. மெல்வின் கான்வே என்ற அமெரிக்க கம்ப்யூட்டர் நிபுணர் 1968-ல் வெளியான கட்டுரையில் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: ஒரு நிறுவனம் எந்த அமைப்பை உருவாக்கினாலும் அது அந்த நிறுவனத்தின் உள்தொடர்புகளின் சாயலிலேயே அமையும். நான்கு இலாகாக்கள் பேசிக்கொள்ளாமல் வேலை செய்தால், திரையிலும் பேசிக்கொள்ளாத நான்கு பகுதிகள் இருக்கும். வாடிக்கையாளர் ஒரே விலாசத்தை நான்கு முறை எழுதுவார்.

இதை இந்தியர் அனைவரும் நேரில் பார்த்த இடம் ஒன்று உண்டு. ரயில்வே.

1985 வரை ரிசர்வேஷன் என்றால் தடித்த லெட்ஜர்கள். எந்த ரயிலுக்கு எந்தக் கவுன்ட்டரோ அந்த வரிசையில் நிற்க வேண்டும். அந்த ஆண்டு டெல்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கியது. அரசு நிறுவனமான சி.எம்.சி. அந்த சாஃப்ட்வேரை எழுதியது. பிறகு ரயில்வேயின் தகவல் அமைப்பு மையமான கிரிஸ் உருவாக்கிய கான்சர்ட் என்ற அமைப்பு 1994-ல் செகந்திராபாத்தில் நுழைந்தது. 1999-க்குள் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஐந்தும் இணைந்தன. எந்தக் கவுன்ட்டரிலிருந்தும் எந்த ரயிலுக்கும் டிக்கெட். இது சாதாரண சாதனை அல்ல. வரிசையில் இரவெல்லாம் படுத்துக் கிடந்த தலைமுறைக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அந்தத் திரை யாருக்காக? கவுன்ட்டருக்கு உள்ளே இருந்த கிளார்க்குக்காக. எழுத்துகள் மட்டுமே நிறைந்த எண்பதுகளின் டெர்மினல். படம் கிடையாது, அழகு கிடையாது. இன்றைய வடிவமைப்பாளர்கள் பார்த்தால் முகம் சுளிக்கலாம். ஆனால் நாளெல்லாம் அதே வேலையைச் செய்து பழகிய கிளார்க்கின் விரல்கள் கீபோர்டில் பறந்ததைப் பார்த்தவர்கள் அதை மோசமான வடிவமைப்பு என்று சொல்ல மாட்டார்கள். ஸ்டேஷனுக்குக் குறியீடு, வகுப்புக்குக் குறியீடு, கோட்டாவுக்குக் குறியீடு. சுருக்கெழுத்துத் தெரிந்தவருக்குச் சுருக்கெழுத்து சுகம்தான்.

சிக்கல் 2002 ஆகஸ்டில் ஆரம்பித்தது. ரயில்வேயின் துணை நிறுவனமான ஐ.ஆர்.சி.டி.சி. இண்டர்நெட்டில் டிக்கெட் விற்கத் தொடங்கியது. முதலில் டிக்கெட்டை கூரியரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2005-ல் அச்சிட்டுக்கொள்ளும் இ-டிக்கெட் வந்தது. நாற்காலி மாறிவிட்டது. கிளார்க் உட்கார்ந்த இடத்தில் பயணி உட்கார்ந்தார். ஆனால் கிளார்க்கின் அகராதி அப்படியே அவரிடம் கொடுக்கப்பட்டது. சென்னை சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ். என்பது குறியீடு. ஊரின் பெயர் 1996-ல் மாறியது, ஸ்டேஷனின் பெயர் 2019-ல் எம்.ஜி.ஆர். பெயராக மாறியது, குறியீட்டில் இன்னும் மெட்ராஸ் குடியிருக்கிறது. காத்திருப்போர் பட்டியலில் ஒருவருக்கு ஜி.என்.டபிள்யூ.எல். என்று வரும், இன்னொருவருக்குப் பி.க்யூ.டபிள்யூ.எல். என்று வரும், மூன்றாமவருக்கு ஆர்.எல்.டபிள்யூ.எல். என்று வரும். மூன்றிலும் இடம் உறுதியாகும் வாய்ப்பு வேறு வேறு. ரயில் புறப்படும் ஊர், வழியில் உள்ள ஊர்கள் என்று ரயில்வே தனக்குள் படுக்கைகளைப் பிரித்துக்கொண்ட கணக்கு அது. தங்கையின் பிரசவத்துக்கு ஊருக்குப் போக வேண்டியவர் கேட்பது ஒரே கேள்விதான்: இடம் கிடைக்குமா, கிடைக்காதா? அதற்குப் பதிலாக இலாகாவின் பேரேடு அவர்முன் விரிக்கப்பட்டது. கான்வே சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

தட்கல் நேரம் இன்னொரு கதை. நாடு முழுவதும் ஒரே நிமிடத்தில் ஒரே கதவைத் தட்டினால் என்ன ஆகும்? 2012-ல் தட்கல் நேரத்தைக் காலை 8-லிருந்து 10-க்கு மாற்றினார்கள். 2014-ல் புதிய அமைப்பு வந்து, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 ஆனது. 2015-ல் ஏ.சி. வகுப்புகளுக்கு 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி என்று கூட்டத்தைப் பிரித்தார்கள். ஆனாலும் சீட்டைவிட ஆள் அதிகம் என்ற உண்மையை எந்த வடிவமைப்பும் மாற்றாது. இதை வடிவமைப்பு நிபுணர்கள் பல நேரம் மறந்துவிடுகிறார்கள். திரை நன்றாக இருந்தால் ஏமாற்றம் சீக்கிரம் வரும், அவ்வளவுதான்.

இதில் ஏஜெண்டுகளின் தானியங்கி சாஃப்ட்வேர்கள் வேறு. மனிதக் கை ஒரு பெயரை எழுதி முடிப்பதற்குள் அவை டிக்கெட்டையே எடுத்துவிடும். அவற்றைத் தடுக்க ரயில்வே வைத்த ஒவ்வொரு பூட்டும் உண்மையான பயணிக்கும் பூட்டுதான். கோணல்மாணலான எழுத்துகளைப் படித்து எழுதச் சொல்லும் சோதனையில் இயந்திரம் தேறிவிடும், ஐம்பது வயது ஆசிரியர் தோற்றுவிடுவார். பயணிகளும் சளைக்கவில்லை. வெப்சைட்டில் பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே சேமித்து வைத்தார்கள், வீட்டில் ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார்கள். 2025 ஜூலை 1 முதல் தட்கலுக்கு ஆதார் உறுதிப்படுத்தல் கட்டாயமானது. அதே மாதம் 15-லிருந்து செல்ஃபோனுக்கு வரும் ரகசிய எண்ணும் சேர்ந்தது. கவுன்ட்டரில் எடுத்தாலும் இது உண்டு. ஏஜெண்டுகள் முதல் அரைமணி நேரம் ஒதுங்கி நிற்க வேண்டும். நியாயமான நோக்கம்தான். ஆனால் கவுன்ட்டரில் நிற்கும் கிழவரிடம் செல்ஃபோன் இல்லையென்றால்?

சந்தேகம் எப்படித் திரையாக மாறுகிறது என்பதற்கு முன்பதிவில்லாத டிக்கெட்டுக்கான யு.டி.எஸ். ஆப் சுவையான சான்று. 2014 கடைசியில் மும்பையிலும் அடுத்த ஆண்டு சென்னை எழும்பூர்-தாம்பரம் தடத்திலும் வந்தது. வரிசையில் நிற்காமல் செல்ஃபோனிலேயே டிக்கெட். ஒரே நிபந்தனை, ஸ்டேஷனுக்குள் நின்று எடுக்க முடியாது. டிக்கெட் பரிசோதகரைப் பார்த்த பிறகு அவசரமாக வாங்கிவிடுவார்களோ என்ற பயம். ஆக, டிக்கெட் வாங்க மிகவும் தேவையான இடத்தில் நின்ற நேர்மையான பயணிக்கும் அது மறுத்தது. வெளியே போய் வாங்கிவிட்டு உள்ளே வர வேண்டும். ஸ்டேஷனிலேயே ஒட்டிய கியூ.ஆர். கட்டத்தைப் படம்பிடித்து வாங்கலாம் என்ற வழி பிறகுதான் திறந்தது.

மேஜையில் ஓர் இடம்

வடிவமைப்பாளரை முதலிலேயே கூப்பிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் இந்தியாவிலேயே சாட்சி இருக்கிறது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவத்தை வகுத்ததில் மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையப் பேராசிரியர்களுக்குப் பங்குண்டு. வாக்குச்சீட்டில் எப்படிப் பெயரும் சின்னமும் வரிசையாக இருந்தனவோ அப்படியே இயந்திரத்திலும் இருக்கின்றன. முத்திரை குத்திய இடத்தில் பொத்தான். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புதிதாகக் கற்க எதுவும் இல்லை. சிக்கலான வேலையெல்லாம் அதிகாரியின் மேஜையில் உள்ள இன்னொரு பெட்டிக்குப் போய்விட்டது. ஒரு இயந்திரத்தில் 16 பெயர்தான் அடங்கும் என்பதால் 2019-ல் 185 பேர் போட்டியிட்ட தெலுங்கானாவின் நிஜாமாபாத்தில் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் 12 இயந்திரங்களை வரிசையாக வைத்தார்கள். அது பரவாயில்லை. 1996-ல் 1,033 வேட்பாளர்கள் நின்ற நமது மொடக்குறிச்சியில் வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சிடப்பட்டது.

உலகின் பெரிய அமைப்புகள் தாமதமாகத்தான் விழித்தன. ஐ.பி.எம். 1956-லேயே எலியட் நாய்ஸ் என்ற வடிவமைப்பாளரை அழைத்து, கட்டடம் முதல் டைப்ரைட்டர் வரை தன் தோற்றத்தை அவரிடம் ஒப்படைத்தது. பிறகு சாஃப்ட்வேர் யுகத்தில் அந்தப் பழக்கம் தேய்ந்து, 2012-க்குப் பிறகுதான் பில் கில்பர்ட் தலைமையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிவமைப்பாளர்களைச் சேர்க்கத் தொடங்கியது. பிரிட்டிஷ் அரசு இன்னும் துணிச்சலாகச் செய்தது. 2011-ல் அமைச்சரவை அலுவலகத்துக்குள் தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தியது. நூற்றுக்கணக்கான அரசு வெப்சைட்டுகளுக்குப் பதில் ஒரே முகவரி 2012-ல் வந்தது. எந்தப் பக்கத்திலும் அமைச்சரின் படமோ வரவேற்புரையோ முதலில் வராது. வந்தவர் எதற்காக வந்தாரோ அது முதலில் வரும். 2013-ல் லண்டனின் வடிவமைப்பு அருங்காட்சியகம் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதை அதற்குக் கொடுத்தது. கட்டடங்களையும் நாற்காலிகளையும் தோற்கடித்து ஓர் அரசு வெப்சைட்! அதன் பலம் அழகில் இல்லை. இலாகாக்களின் பணத்துக்கும் வெப்சைட்டுகளுக்கும் கடிவாளம் அந்தப் பிரிவின் கையில் இருந்தது. அந்த அதிகாரம் இல்லாமல் எத்தனை வடிவமைப்பாளர்களைச் சேர்த்தாலும் அவர்கள் பொத்தானுக்கு நிறம் தேர்ந்தெடுப்பவர்களாகவே முடிந்துபோகிறார்கள். பல நிறுவனங்களில் இன்று நடப்பது இதுதான்.

மொழியும் அப்படிக் கடைசியில் நினைவுக்கு வரும் சங்கதிதான். 2021 மே மாதம் 18 முதல் 44 வயதினர் கோவிட் தடுப்பூசிக்குக் கோவின் வெப்சைட்டில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்றபோது அது ஆங்கிலத்தில்தான் இருந்தது. கிராமத்தில் இருப்பவர் என்ன செய்வார் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. ஜூனில் தமிழ் உட்பட மற்ற மொழிகள் வந்தன. வந்தாலும் போதாது. ஒரு வங்கி இயந்திரத்தில் கணக்கில் உள்ள பணத்தைப் பார்க்கும் வசதிக்கு 'இருப்பு விசாரணை' என்று தமிழ்ப்படுத்தியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். போலீஸ் ஸ்டேஷன் வாடை அடித்தது. பணம் எவ்வளவு இருக்கிறது என்று எழுதினால் இடம் போதாதா? அந்தச் சொல்லை எழுதியவருக்கு ஒரு ஆங்கிலப் பட்டியல் மட்டும் அனுப்பப்பட்டிருக்கும், திரையைக் காட்டியிருக்க மாட்டார்கள். மொழிபெயர்ப்பாளர்களின் தலையெழுத்து அது.

வடிவமைப்பு தெரியாததால்தான் எல்லாம் கெட்டுப்போகிறது என்று நினைத்துவிடவும் கூடாது. நன்றாகத் தெரிந்தே செய்பவர்களும் உண்டு. சந்தா கட்ட ஒரே அழுத்தல், நிறுத்த ஏழு பக்கம். நாம் கேட்காத நன்கொடையோ இன்ஷூரன்ஸோ பில்லில் தானாக ஏறியிருக்கும். வேண்டாம் என்று சொல்பவரை வெட்கப்படுத்தும் வாசகம் பொத்தானிலேயே இருக்கும். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடை செய்தது. வாடிக்கையாளரின் கண் எங்கே போகும், விரல் எங்கே தயங்கும் என்ற சபானிஸின் அறிவு அவருக்கு எதிராகவே திரும்பிய கட்டம் இது. எதை எளிமையாக்க வேண்டும் என்று பெரிய நிறுவனங்களுக்குத் தெரியாமல் இல்லை. தனக்குப் பணம் வரும் வழி வழுக்கிக்கொண்டு போகும்.

கண் சிமிட்ட முடியாதவர்

2023-ல் வட இந்தியப் பெண் ஒருவர் வங்கிக் கணக்கு தொடங்கப் போனார். பல ஆண்டுகளுக்கு முன்பு அமில வீச்சுக்கு ஆளானவர். கே.ஒய்.சி. எனப்படும் அடையாளச் சரிபார்ப்பு கேமரா மூலம் நடந்தது. எதிரே இருப்பது புகைப்படம் அல்ல, உயிருள்ள மனிதர்தான் என்று உறுதி செய்ய, கண்ணைச் சிமிட்டுங்கள் என்றது சாஃப்ட்வேர். அவரால் சிமிட்ட முடியாது. இமைகள் அமிலத்தில் போய்விட்டன. சிமிட்டினால்தான் ஆயிற்று என்றார்கள். விஷயம் வெளியே தெரிந்து சத்தம் எழுந்த பிறகு விதிவிலக்கு கொடுத்தார்கள்.

அவரும் அவரைப் போன்றவர்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரின் மனுவும் சேர்ந்துகொண்டது. முகத்தைக் கட்டத்துக்குள் வைத்து செல்ஃபி எடு என்று சொன்னால் கட்டம் எங்கே என்று அவருக்கு எப்படித் தெரியும்? பெருவிரல் ரேகையைக் கையெழுத்தாக ஏற்காத திரையில் என்ன செய்வார்? செல்ஃபோன் சிம் முதல் ஓய்வூதியம் வரை எல்லாவற்றுக்கும் வாசல் இந்த ஒரே திரைதான். ஆக, இங்கே போனது பணமில்லை. நாட்டின் கணக்கேட்டில் ஒரு மனிதராகப் பதிவாகும் உரிமையே போனது. சிட்டி வங்கியால் மேல்முறையீடு செய்து பணத்தைத் திரும்பப் பெற முடிந்தது. இவர்கள் எந்தக் கவுன்ட்டரில் போய் முறையிடுவது?

2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன மகாதேவன். டிஜிட்டல் வசதிகளை அடைவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் அங்கம் என்றது நீதிமன்றம். 20 கட்டளைகளையும் பிறப்பித்தது. உயிருள்ளவர் என்று நிரூபிக்கக் கண் சிமிட்டலைத் தவிர வேறு வழிகளும் வேண்டும். ஊனமுற்றோர் பயன்படுத்த முடிகிறதா என்று தேர்ந்த நிபுணர்களைக் கொண்டு அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டும். ஆப்களையும் வெப்சைட்டுகளையும் உருவாக்கும்போதே சோதனைக் கட்டத்தில் பார்வையற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதும் அதில் அடங்கும். விமானி அறைக்குள் போய்ப் பார்த்த சபானிஸின் வழியை எண்பது ஆண்டு கழித்து நீதிமன்றம் கட்டளையாக எழுதியிருக்கிறது.

அதே ஆண்டில் ரிசர்வ் வங்கி கே.ஒய்.சி. விதிகளைத் திருத்தியது. உயிருள்ளவரா என்ற சோதனையால் சிறப்புத் தேவையுள்ள எவரும் விலக்கப்படக் கூடாது. யோசிக்காமல் எந்த விண்ணப்பத்தையும் தள்ளக் கூடாது. தள்ளினால், ஏன் தள்ளினோம் என்பதைச் சம்பந்தப்பட்ட அதிகாரி காரணத்தோடு பதிவு செய்ய வேண்டும்.